நீல மூடி மேலே

பிப்ரவரி 3, செவ்வாய்

கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. காலையில் தின்ற பூரியும் வெளியே வந்தது. ஆராய்ச்சிப் பயணம் இனிதே தொடங்கியது.

இந்த நோட்டு ஜெபக்கனி கொடுத்தது. "கப்பல்ல நெட் கெடையாது. நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்ட. யார்கிட்டயாவது ஏழரையக் கூட்டுததுக்குப் பதிலா இதுல எழுதிக்கிட்டு கெட" என்றாள். எழுதிக்கொண்டு கிடக்கிறேன்.

ஜெபக்கனியும் நானும் எம்.எஸ்ஸி. நிலவியல் ஒரே வகுப்பு. அவள் முடித்தாள். நான் கடைசி செமஸ்டருக்கு முன்னால் விட்டுவிட்டேன். போரடித்தது. அதன் பிறகு மொபைல் கடை, கூரியர் ஆபீஸ், ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி விசாரிக்கும் வேலை. எல்லாமே போரடித்தது. அவள் இப்போது பிஎச்.டி. நாலாவது வருஷம். கப்பலில் சேறு சுமக்க வரவேண்டிய பையனுக்கு அம்மை போட்டுவிட்டதால், "இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு இருக்கா சார், ரொம்பப் பொறுப்பு" என்று பொய் சொல்லி என்னை ஏற்றிவிட்டாள்.

அந்த சார், டாக்டர் குலசேகரன். ஜெபக்கனியின் வழிகாட்டி, இந்தப் பயணத்தின் தலைமை விஞ்ஞானி. பெயர் பொறித்த வெள்ளை ஹெல்மெட் வைத்திருக்கிறார். சாப்பிடும்போதும் அதைக் கழற்றவில்லை. சாம்பார் வாளி மேலிருந்து விழும் என்று பயமோ என்னவோ.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று சார் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கம் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் நான் புரிந்துகொண்டது: நாம் கடலில் இருக்கிறோம்.

பிறகு ஜெபக்கனியிடம் கேட்டேன்.

"ஏட்டி, நம்ம தேரி மணல்காட்டுல ஒடமரத்தப் பாத்திருக்கேல்ல? காத்து வாற பக்கம் வேரோரமா பள்ளம் பறிச்சிருக்கும். பின்னால வாலு மாதிரி செம்மணலு குமிஞ்சி கெடக்கும். கடலுக்கு அடியிலயும் அதே கததான். மரத்துக்குப் பதிலா மல. காத்துக்குப் பதிலா நீரோட்டம்."

"இதுக்கா நாலு வருஷம்?"

"தேரியில கண்ணால பாத்துரலாம். இது நாலு கிலோமீட்டர் தண்ணிக்குக் கீழ கெடக்கு. நீ போய்ப் பாத்துட்டு வாறியா?"

தென்துருவத்துப் பக்கம் குளிர்ந்து கனத்த தண்ணீர் மூழ்கி, கடலடியோடு ஊர்ந்து ஊர்ந்து இவ்வளவு தூரம் வருகிறதாம். எங்கள் ஊர் பாசஞ்சர் ரயில் வேகம். வழியில் மலை நின்றால் ஒதுங்கிப் போக வேண்டும். ஒதுங்குகிற இடத்தில் நெருக்கடி, அதனால் வேகம், அதனால் அரிப்பு. மலைக்குப் பின்னால் வேகம் செத்துப்போகும். தூக்கி வந்த வண்டலை அங்கே இறக்கிவைத்துவிடும். வேகமாக ஓடின காலத்தில் மாவு மாதிரி மண்ணையெல்லாம் அடித்துக்கொண்டு போய், நறநறப்பதை மட்டும் விட்டுவைக்கும். மெதுவாக ஓடின காலத்தில் மாவும் படியும். ஆக, மலைக்குப் பின்னால் இருக்கும் சேற்றில் ஒரு தூண் குத்தி எடுத்தால், அடியிலிருந்து மேல்வரை அந்த நீரோட்டத்தின் முழு ஜாதகமும் கையில்.

"நீரோட்டம் ஒரேயடியா நிக்கல. வயசாளிக்கு நட தளருத மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்துட்டுன்னு நான் சொல்லுதேன். அதுதான் என் தீசிஸு. போன தடவ புயலு வந்து வெறுங்கையோட திரும்பிட்டோம். இந்தத் தடவ ஒரு நல்ல கோர் கெடைக்கலன்னா, நாலு வருஷமும் போச்சி" என்றாள்.

குத்தி எடுக்கிற அந்தச் சேற்றுத் தூணுக்குத்தான் கோர் என்று பெயர். ஏதோ பெரிய விஷயம் என்று பயந்திருந்தேன். வாழைத்தண்டு மாதிரி.

பிப்ரவரி 6, வெள்ளி

ரசம் என்று ஒன்று ஊற்றினார்கள். கடல்நீர் அதைவிடக் காரமாக இருக்கும்.

பிப்ரவரி 7, சனி

கோர் கிடைத்துவிட்டது!

காலையில் இரும்புக் குழாயைக் கம்பியில் கட்டி இறக்கினோம். அதோடு ஒரு வலைப்பையில் ஃபோம் டீ கப்புகளும் போயின. கப்பல்காரர்களின் வழக்கமாம் இது. கப்பில் பெயர் எழுதி ஆழத்துக்கு அனுப்பினால் அழுத்தத்தில் சுருங்கித் திரும்பி வரும். வீட்டில் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். சார் பட்டங்களோடு தன் முழுப் பெயரையும் எழுதினார். கப் போதாமல் பட்டங்கள் அடிப்புறம் வரைக்கும் போயின. திரும்பி வந்தபோது அது குங்குமச்சிமிழ் அளவுக்கு இருந்தது. லென்ஸ் வைத்துப் படித்துப் பார்த்து, "வெரி குட், வெரி குட்" என்றார்.

குழாய் மேலே வந்ததும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாயை உருவினோம். ஏழு மீட்டர் சேறு. ஜெபக்கனி அதைத் தொட்டுப் பார்த்த மாதிரி ஆஸ்பத்திரியில் பிள்ளையைக்கூட யாரும் தொட்டுப் பார்த்து நான் கண்டதில்லை. மீட்டருக்கு ஒன்றாக ரம்பத்தால் அறுத்தோம். ஒவ்வொரு துண்டிலும் மேல்பக்கம் எது என்று அவளே மார்க்கரால் ஒரு அம்பு போட்டாள்.

"நீல மூடி மேல. செவப்பு மூடி கீழ. சொல்லு."

"நீலம் மேல, செவப்பு கீழ. நான் என்ன எல்கேஜியா?"

"எல்கேஜி பிள்ள சொன்னதக் கேக்கும்."

முதல் துண்டில் மேற்பரப்புச் சேறு கஞ்சி மாதிரி இருக்கும், கலங்கிவிடும் என்று அதை ஏந்திக்கொண்டு லேபுக்கு ஓடினாள். மற்றதற்கெல்லாம் முனையில் பிளாஸ்டிக் தாள் சுற்றிவைத்துவிட்டு மூடி போட ஆரம்பித்தேன். அப்போதுதான் வெள்ளை ஹெல்மெட் வந்தது.

"ஒரு போட்டோ எடுத்துடலாம்மா. டைரக்டர் கேட்டிருக்கார்."

பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் எடுத்தார். நிறுவனத்தின் வெள்ளி விழா ஸ்டிக்கர், உள்ளங்கை அகலம். கைக்கு எட்டியது மூன்றாம் துண்டு. அதன் நடுவில் தானே ஒட்டி, கைக்குட்டையால் தடவிக் கொடுத்து, செங்கோல் மாதிரி நிமிர்த்திப் பிடித்தார். கனம் தாங்காமல் செங்கோல் ஆடியது. டெக் வேலைக்குத் தலைவர் மிக்கேல் அண்ணாச்சி அடியில் கை கொடுத்தார்.

"சார், தலைகீழா இருக்கு" என்றேன்.

"எது?"

"ஸ்டிக்கர் சார்."

ஸ்டிக்கரை உரித்து ஒட்டலாம். குழாயைத் திருப்பலாம். படித்த மனிதர் அல்லவா, சுலபமானதைச் செய்தார். அண்ணாச்சியும் அவரும் சேர்ந்து குழாயைத் தலைமாற்றிப் பிடித்தார்கள். நான் என் போனில் எடுத்தேன். "இந்தாம்மா, மூடிடு" என்று பிடித்த வாக்கிலேயே குழாயை என்னிடம் கொடுத்தார். மேலே நீலம், கீழே சிவப்பு. சரியாகப் போட்டேன். பாராட்ட ஆள் இல்லாததால் நானே பாராட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று துண்டுகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி ஆராய, ஒரு பாதி அப்படியே பத்திரமாக வைக்க. மூன்றாம் துண்டை மட்டும் ஸ்டிக்கர் கிழியாமல் பிளக்கச் சொன்னார் சார். ஸ்டிக்கர் இருந்த பாதி பத்திரப்பாதியாகி, முதுகு கீழாகத் தட்டில் படுத்துவிட்டது.

ஜெபக்கனி சேற்றைக் கிள்ளி வாயில் போட்டாள். எனக்குக் கண் பிதுங்கியது.

"முன்பல்லால கடிச்சிப் பாரு. வெண்ணெயா வழுக்குனா மாவு மண்ணு. நறநறன்னா நீரோட்டம் வேகமா ஓடுன காலம். மெஷினும் சொல்லும். மெஷினுக்கு ஒரு நாளாகும், பல்லு ஒடனே சொல்லும்."

கடித்தேன். ஏழாம் துண்டு நறநற. ஆறு, ஐந்து, நான்கு நறநற. ஒன்றும் இரண்டும் வெண்ணெய். ஹாஸ்டல் சாம்பார் இதைவிட நறநறக்கும். நான் படிப்பை விட்டதற்கு அந்தச் சாம்பார்தான் காரணம், யோசித்துப் பார்த்தால்.

மூன்றாம் துண்டைச் சார் தன் பல்லாலேயே பார்ப்பேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். செங்கோல் அல்லவா.

சொன்னால் சிரிப்பாய் நோட்டே, எனக்கு நாளெல்லாம் போரடிக்கவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வரலாறு நிகழ்ந்துவிட்டது.

அளந்து வரைந்த படத்தைச் சார் திரையில் போட்டார். அடியிலிருந்து நான்காம் துண்டு முடியும்வரை நறநற. மூன்றாம் துண்டு தொடங்கின இடத்தில் திடீரென்று வெண்ணெய். அதிலிருந்து மெல்ல மெல்ல நறநறப்பு ஏறுகிறது. மூன்றாம் துண்டு முடிந்த இடத்தில் மறுபடி திடீரென்று வெண்ணெய். சரிவு இருக்க வேண்டிய இடத்தில் ரம்பப்பல்.

"நீரோட்டம் சடன்னா நின்னுருக்கு. மெதுவா உயிர் வந்திருக்கு. மறுபடி சடன்னா நின்னுருக்கு. இது சாதாரண கோர் இல்ல, இது வரலாறு! இதுக்கு 'வெள்ளி விழா நிகழ்வு'ன்னு பேர் வைக்கிறேன்" என்றார்.

ஜெபக்கனி மெதுவாகக் கையைத் தூக்கினாள். "சார், ரெண்டு எடமும் நாம ரம்பம் வச்ச ஜாயின்ட்லயே வருதே சார்?"

"கோயின்சிடென்ஸ், ஜெபக்கனி. இயற்கை நம்மளச் சோதிக்கும்."

எவ்வளவு ஒழுக்கமான நீரோட்டம். பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே, 'பிற்காலத்தில் இசக்கி இங்கேதான் ரம்பம் வைப்பாள்' என்று தெரிந்து, மில்லிமீட்டர் பிசகாமல் அங்கேயே நின்றிருக்கிறது. இரண்டு தடவை.

சமையல்காரர் கேக் செய்தார். கேக்கும் நறநறத்தது.

அவர் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது எனக்குச் சனிக்கிழமை ஞாபகம் வந்தது. ஹெல்மெட், கைக்குட்டை, தலைமாற்றிப் பிடித்தது. வந்தது, போய்விட்டது. கேக் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஜெபக்கனி சாப்பிட வரவில்லை. கேபினில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது சாப்டரத் தூக்கிட்டேன்" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமாத் தளர்ந்துச்சின்னு எழுதுனது அதுதான். பொய்யாப் போச்சே."

"படத்த நம்புதியா?"

"சேறு பொய் சொல்லாதுல்லட்டி." லேப்டாப்பை மூடிவிட்டு, "மூணாம் துண்டு, நீதான மூடுன? பாத்துத்தான மூடுன?" என்றாள்.

"ம்" என்றேன்.

'ம்' என்பது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. மூடியது நான்தான், அதில் பொய் இல்லை.

பிப்ரவரி 11, புதன்

போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சார் பல் தெரியச் சிரிக்கிறார். ஸ்டிக்கர் நிமிர்ந்து நிற்கிறது. அதற்குக் கீழே, சுண்டுவிரல் நகமளவுக்குக் கறுப்பாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜெபக்கனி போட்ட அம்பின் முனை. கீழ்நோக்கி. அம்பின் மீதி உடம்பு வெள்ளி விழாவுக்கு அடியில்.

அரைமணி நேரம் பாத்ரூமில் உட்கார்ந்து சிரித்தேன்.

யாரிடமும் சொல்லப்போவதில்லை. இந்த மனிதர் பேப்பர் எழுதட்டும். பெரிய பத்திரிகைக்கு அனுப்பட்டும். உலகத்தில் எவனாவது ஒருவன், 'ஐயா, உங்கள் துண்டு தலைகீழாக இருக்கிறது' என்று எழுதட்டும். அந்த ஹெல்மெட் அப்போதுதான் கழலும். வகுப்பில் நின்று தப்பைத் தப்பு என்று சொன்னவர்களைப் பார்த்து 'உட்காரும்மா' என்று சொன்ன எல்லாருக்கும் சேர்த்து அது நடக்கட்டும். இவர் என்னை உட்காரச் சொன்ன ஆள் இல்லைதான். ரகம் ஒன்றுதானே.

போட்டோவை சார் வாங்கி சாட்டிலைட் மெயிலில் டைரக்டருக்கு அனுப்பிவிட்டார். இன்னும் நல்லது.

பிப்ரவரி 12, வியாழன்

காலை டீயின்போது சார் எழுந்து நின்று பேசினார்.

"இந்தப் பேப்பர்ல முதல் பேர் ஜெபக்கனி. என் பேர் கடைசி. இளைஞர்களுக்கு வழி விடணும், இல்லையா?"

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபக்கனி எழுந்து நின்று கும்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் சந்தோஷமாக அழுது நான் பார்த்திருக்கிறேன். மூக்கு இப்படிச் சிவக்காது.

எனக்குக் கை தட்டவே வரவில்லை. கணக்கு இப்போதுதான் புரிந்தது. தப்பு என்று ஒரு நாள் தெரியவரும்போது உலகம் யார் பெயரைச் சொல்லிச் சிரிக்கும்? முதல் பெயரை. அதைச் சொல்லிச் சொல்லித்தான் பேப்பரையே கூப்பிடுவார்கள். கடைசிப் பெயர் அடுத்த பேப்பருக்குள் புகுந்துகொள்ளும்.

மத்தியானம் பின்டெக்கில் இருவரும் காலிக் குழாய்களைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

"ஜெபா, மூணாம் துண்டு தலைகீழா இருக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. எப்படி என்று கேட்பாள் என்று நினைத்தேன். "எப்பத்துலருந்து தெரியும்?" என்றாள்.

"நேத்து." பிறகு, "சந்தேகம் திங்கக்கெழமையே" என்றேன்.

"நான் செவ்வாக்கெழம உங்கிட்டக் கேட்டேன்."

"ம்."

"இதே 'ம்'மத்தான் அன்னைக்கும் சொன்ன."

போனைக் காட்டினேன். அம்பின் மூக்கைப் பார்த்தாள். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தாள். அது கடலில் விழுந்தது. இனி அது ஒரு வண்டல்.

"அந்தாளு மூஞ்சில கரி பூசணும்னு பாத்தேன்டி..."

"பூசு! நல்லாப் பூசு! எம் மூஞ்சில ஏன் பூசுத?" நான் பேசுவதற்குள் தொடர்ந்தாள். "ஒனக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவ. அன்னைக்கு ஹெச்.ஓ.டி. தப்பா நடத்துதாருன்னு கிளாஸ்ல எந்திரிச்சிச் சொன்ன. சரியாத்தான் சொன்ன. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதிக் குடுன்னாரு. அந்த ஒரு வரி எழுத மாட்டேன்னுதான வெளிய போன? போனது நீ. அதுக்கப்புறம் நாங்க அங்கதான இருந்தோம்? நீ சொல்ல வேண்டிய எடத்துல சொல்லாம, சொல்லக் கூடாத எடத்துல சொல்லுவ. அதுதான் ஒன் லட்சணம்."

குழாயைத் தேய்த்தேன்.

இரண்டு குழாய் முடிந்த பிறகு அவளே பேசினாள். குரல் மாறியிருந்தது, வேலைக்குரல். "சாருக்கு இத யாரும் சொல்லக் கூடாது. சொன்னா, துண்டு சரிதான்னு சாதிச்சே தீருவாரு. அவரே கண்டுபிடிக்கணும்."

"அந்தாளு எங்க..."

"கண்டுபிடிக்க வைக்கணும். நாலு வருஷமா என் வேலையே அதுதான். சேறு மிச்ச நேரத்துலதான்."

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் யாருக்கும் தெரியாமல் பத்திரப்பாதியைத் தட்டிலிருந்து தூக்கி, ஸ்டிக்கர் மேல் வெந்நீர் ஊற்றினேன். வெள்ளி விழா பொங்கிச் சுருங்கியது.

ஜெபக்கனி சாரிடம் போனாள். முகத்தில் எவ்வளவு கவலை! நாடகக் கம்பெனிக்குப் போயிருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்பாள்.

"சார், ஸ்டிக்கர்ல ஈரம் ஏறிட்டு சார். நிறுவனத்துப் பேரே தெரியல. ஹார்பர்ல டைரக்டர் பாக்கும்போது நல்லாருக்காதே சார். நீங்க உங்க கையால புதுசு ஒட்டிட்டா..."

"என் கையாலயா? செஞ்சிடலாமே."

லேபில் எல்லாரும் கூடிவிட்டோம். மிக்கேல் அண்ணாச்சி பாதியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். சார் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, நிதானமாக, கிழியாமல் உரித்தார்.

கீழே அம்பு. நல்ல கறுப்பு மார்க்கர், குழந்தைக்குக்கூடப் புரியும் அம்பு. சிவப்பு மூடியைப் பார்த்து நின்றது.

அண்ணாச்சிக்குத் திடீரென்று கூரையில் ஏதோ வேலை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் அம்பைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மறுபடி அம்பைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கே அவர்மேல் பாவமாக இருந்தது. ஒரே நிமிஷம்தான்.

"நான் ஃபர்ஸ்ட்லேருந்தே சந்தேகப்பட்டேன்" என்றார். "ரெண்டு சேஞ்சும் கரெக்டா ஜாயின்ட்ல வருது பாருங்க. இயற்கையில அப்படி வரவே வராது. இதெல்லாம் ஒரு கண்ணுக்குத்தான் தெரியும்."

"ஆமா சார்" என்றாள் ஜெபக்கனி.

"யாரு இத மூடினது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யார் கையிலிருந்து வாங்கி மூடினாய் என்று அவர் கேட்கவில்லை. போன் என் பாக்கெட்டில்தான் இருந்தது. வாயைத் திறந்தேன். எதிரே ஜெபக்கனி. அவள் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, காலை மிதிக்கவில்லை. சும்மா நின்றாள். நான் சொன்னால் சொல்லட்டும் என்று நின்றாள்.

"நான்தான் சார்" என்றேன்.

"அதான் பார்த்தேன். ட்ரெய்னிங் இல்லாத ஆளுங்களைக் கொண்டு வந்தா இப்படித்தான்" என்று ஆரம்பித்து, தரக்கட்டுப்பாட்டின் முக்கியத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இந்தத் தடவையும் புரிந்தது ஒன்றுதான்: நாம் இன்னும் கடலில் இருக்கிறோம்.

பிறகு ஜெபக்கனி மூன்றாம் துண்டின் அளவுகளைத் தலைமாற்றிப் போட்டுப் படத்தை மறுபடி வரைந்தாள். ரம்பப்பல் போய்விட்டது. நறநறவிலிருந்து வெண்ணெய்க்கு, அடியிலிருந்து மேல்நோக்கி, அலுங்காமல் ஒரே சரிவு. வயசாளி நடை. அவள் திரையில் அந்தச் சரிவை விரலால் கீழிருந்து மேலே தடவினாள். மூக்கு சிவக்கவில்லை.

நான் பல்லை நாக்கால் துழாவிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நறநறப்பு இருந்தது.

பிப்ரவரி 14, சனி

சார் கூப்பிட்டார். "ரெக்கார்டுக்கு ஒரு அப்பாலஜி லெட்டர் குடுத்துடும்மா. ரெண்டு வரி போதும். இல்லேன்னா விளக்கம் ஜெபக்கனிதான் குடுக்கணும். அவதானே உன்னக் கூட்டிட்டு வந்தது."

நல்ல மனிதர். இரண்டு வழியும் காட்டுகிறார்.

மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதினேன். ஜெபக்கனி எதிரே உட்கார்ந்து, நான் எழுதுவதைப் பார்க்காத மாதிரி வெங்காயத்தைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அப்படியே தருகிறேன்:

"தலைப்பு: மன்னிப்பு. ஐயா, மூன்றாம் துண்டைத் தங்கள் திருக்கையிலிருந்து எந்த நிலையில் பெற்றேனோ அந்த நிலையிலேயே மூடிவிட்டேன். பெறும்போது சரிபார்க்காதது என் தவறு. இனித் தங்கள் கையிலிருந்து எதையும் சரிபார்க்காமல் பெறமாட்டேன் என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, பணிவுடன், இசக்கியம்மாள்."

ஜெபக்கனி வாங்கிப் படித்தாள். சோறு புரையேறியது.

"இதையாட்டி குடுக்கப் போற?"

"ஒரு வார்த்த பொய் இருக்கா?"

"இல்ல. அதான் பயமாருக்கு."

சார் 'மன்னிப்பு' என்ற தலைப்பைப் படித்தார், கடைசியில் 'பணிவுடன்' இருக்கிறதா என்று பார்த்தார். "வெரி குட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்துவிட்டார்.

அப்படியானால் அவ்வளவுதானா, ஒரு மன்னிப்புக் கடிதம்? இதற்குப் பயந்தா... இல்லை, பயமில்லை. அப்போது போரடித்தது.

பிப்ரவரி 18, புதன்

துறைமுகம். கால் தரையில் நிற்க மாட்டேன் என்கிறது.

இறங்கின இடத்தில் பேனர். 'ஆழ்கடல் வண்டல் ஆய்வில் புதிய மைல்கல்.' கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு நான் எடுத்த போட்டோ. சாரின் பல் ஒவ்வொன்றும் செங்கல் அளவு. வெள்ளி விழா ஸ்டிக்கர் நிமிர்ந்து, எழுத்து எழுத்தாக. போனில் நகமளவு இருந்த அம்பு மூக்கு இப்போது என் கை அளவுக்கு வளர்ந்து, சாருடைய பூட்ஸைச் சுட்டிக்கொண்டிருந்தது. மிக்கேல் அண்ணாச்சி பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "யம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"சிரிக்காதட்டி, பாக்காவ" என்றாள் ஜெபக்கனி. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மாலையோடு சார் வந்தார். ஹெல்மெட் மேலேயே போட்டிருந்தார்கள். பேனரை அண்ணாந்து பார்த்துக் கொஞ்ச நேரம் மெய்மறந்து நின்றார்.

"அருமையா வந்திருக்கு. யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"வெரி குட். எல்லாமே கரெக்டா விழுந்திருக்கும்மா."

"ஆமா சார்" என்றேன். ஜெபக்கனியால் முடியவில்லை. பெட்டியைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பிப்ரவரி 19, வியாழன்

விட்ட செமஸ்டரில் மறுபடி சேர்வதற்குக் கடைசித் தேதி மார்ச் பத்து. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நோட்டில் இடம் இருந்தது.